ஐந்தாவது ஆளுக்கு நான் கொடுத்த குரல்

புதிதாக மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் கேட்டவர், "உங்கட சாதனையளைப் பற்றி எழுதுங்கோ சேர்" என்றார். இரண்டு நாள் யோசித்தேன். அகதி விசாரணைகளில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தமிழை ஆங்கிலமாகவும் ஆங்கிலத்தைத் தமிழாகவும் மாற்றிக்கொண்டிருந்தவன் நான். இந்த வேலையில் சாதனை என்று சொல்லக்கூடியவை, நான் அறையில் இருந்ததையே மற்றவர்கள் மறந்துபோன நாட்கள்தான். அந்த நாட்களைப் பற்றி எழுத எதுவும் இல்லை. ஆகவே, எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரத்தைப் பற்றி எழுதுகிறேன். என் பிழைகளில் பெரியது அது. அதைச் செய்தது விசாரணை அறையில்கூட இல்லை. மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில், ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில், ஒரு சினிமாப் படத்துக்குப் பக்கத்தில் நின்று செய்தேன்.

முதலில் நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய வேண்டும். எண்பதுகளின் நடுப்பகுதியில் மொன்றியலுக்கு வந்தேன். அப்போது வயது நாற்பத்திரண்டு. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலமும் வரலாறும் படிப்பித்தவன். கல்லூரி நாடகங்களை நெறிப்படுத்தியவன். கொழும்பில் மாலை வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சும் படித்திருந்தேன். வந்த முதல் ஆறு மாதம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். என் தகுதி என்னவென்று அந்தக் கோப்பைகளுக்கும் தெரிய வேண்டும் என்ற மாதிரித்தான் கழுவினேன். பிறகு மொழிபெயர்ப்பாளர் தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் மூன்றும் தெரிந்த ஆட்கள் அன்று மிகக் குறைவு. எடுத்துவிட்டார்கள். கனடா அரசாங்கத்துக்கு என் அருமை தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

என் முதல் விசாரணையில் பருத்தித்துறைக்காரர் ஒருவர் முன்னால் இருந்தார். கடற்றொழில் செய்தவர். அதிகாரி சின்னக் கேள்வி ஒன்று கேட்டார். நான் அதைத் தமிழில், "தங்களுக்கு நேர்ந்த இன்னல்களை விவரிக்க இயலுமா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் சட்டத்தரணியின் பக்கம் திரும்பி, "ஏன் தம்பி, இந்த ஐயாவுக்குத் தமிழ் கதைக்க வராதோ? வேறை ஆரும் இல்லையோ?" என்றார். சட்டத்தரணி கியூபெக்காரர். என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். "கேள்வியைத் திரும்பச் சொல்லும்படி கேட்கிறார்" என்றேன்.

அன்று அறையின் பின்வரிசையில், எங்களைப் பழக்குவதற்காக வைத்திருந்த ஒரு கிரேக்க அம்மையார் இருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. கிரேக்கர்களுக்காகப் பல வருடம் மொழிபெயர்த்தவர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நடைபாதையில் என்னை நிறுத்தி, "அந்த மனிதர் உன்னைப் பற்றி என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

"கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொன்னார், மடம்."

"அவ்வளவு நீளமாகவா?"

நேரமாகிவிட்டது என்று நான் கடிகாரத்தைக் காட்டினேன். அவரும் விட்டுவிட்டார். விட்டாரே தவிர மறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த அம்மையார் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் தேவாலய மண்டபத்தில் புதிதாக வந்த அகதிகளுக்குப் படம் காட்டுவார். வாடகைக்கு எடுத்த புறொஜெக்டர், சுவரில் வெள்ளைத் துணி, கடைசியில் கோப்பியும் பிஸ்கற்றும். எங்கள் ஆட்களும் போகத் தொடங்கியிருந்தார்கள். குளிருக்கு ஒதுங்க வேறு இடம் இல்லை என்பதும் ஒரு காரணம். படங்கள் பிரெஞ்சில் ஓடும். சனம் விளங்காமல் பார்த்துவிட்டுப் போகும்.

பனிக்காலம் தொடங்கிய ஒரு மாதத்தில் அவர் என்னிடம் வந்தார். "வருகிற ஞாயிறு ஒரு யுத்தப் படம். உன் ஆட்களுக்கு நீ பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். புதன்கிழமை வா, முதலில் நீ ஒருமுறை பார்த்துக்கொள்."

"தேவையில்லை மடம். எனக்குப் பழக்கம்" என்றேன்.

"படத்தைப் பார்க்காமல் எப்படிப் பழக்கம்?"

நாடகம், மேடை, கல்லூரி என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். புதன்கிழமை நான் போகவில்லை. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டிப் பார்க்கக் கிடைக்கும் எந்தக் கடதாசியையும், எந்தப் படத்தையும் பார்க்காமல் போகாதீர்கள். கெட்டித்தனம் அங்கே உதவாது. எனக்கு உதவவில்லை.

ஞாயிறு பின்னேரம் மண்டபத்தில் எண்பது பேருக்குக் குறையாது. சப்பாத்துகளில் இருந்து பனி உருகித் தரையெல்லாம் ஈரம். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடின. கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் சில்வெஸ்டர்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மட்டக்களப்புப் பையன், வயது இருபத்திரண்டு. நகரத்தின் ஓரத்தில், லாசாலில் நான்கு பேரோடு ஒரு சிறிய வீட்டில் இருந்தான். மெத்தை செய்யும் தொழிற்சாலையில் வேலை. அடுத்த வியாழக்கிழமை அவனுக்கு விசாரணை. நான்தான் மொழிபெயர்ப்பாளர். மூன்று நாளுக்கு முன்னர், சட்டத்தரணியின் அலுவலகத்தில் அவனுடைய கதையைக் கேட்டு எழுதியிருந்தோம். இராணுவம் பிடித்துப் பதினொரு நாள் முகாமில் வைத்திருந்தது, அடித்தது, விட்டுவிட்டது என்று மட்டும் சொன்னான். வெளியே வந்ததும் படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"சேர், இன்னொரு விசயம் இருக்கு. ஆருக்கும் சொல்லல்ல. லோயருக்கும் சொல்லல்ல. வியாழக்கிழமை அங்க சொல்லுவன். நீங்க ஒண்டும் விடாம அவங்களுக்குச் சொல்லிருவீங்கதானே?"

"அதுக்குத்தானே நான் இருக்கிறன்" என்றேன். முதுகில் தட்டியும் கொடுத்தேன்.

இனிப் படம். ஜெர்மன் நாஜிப் படைகள் பிடித்து வைத்திருக்கும் ஒரு சிறிய துறைமுக ஊர். ஒன்றாகப் படித்த ஐந்து சிநேகிதர்கள், நான்கு பையன்களும் ஒரு பெண்ணும். சுவர்களில் துண்டுப்பிரசுரம் ஒட்டுகிறார்கள். ஒளித்து வைத்த வானொலியில் செய்தி கேட்கிறார்கள். பிறகு ஒரு பாலத்துக்குக் குண்டு வைக்கத் திட்டம் போடுகிறார்கள். ஐந்தாவது ஆள் ஒரு பேக்கரிக்காரரின் மகன். சட்டையெல்லாம் மா. கூட்டத்துக்கு வரும்போது மற்றவர்களுக்குப் பாண் கொண்டுவருவான். கொஞ்சம் திக்கிப் பேசுவான்.

முதல் பத்து நிமிடம் நான் ஒழுங்காகத்தான் சொன்னேன். அவன் இப்படிச் சொல்கிறான், இவள் இப்படிக் கேட்கிறாள் என்று. சனம் அசையத் தொடங்கியது. பின்னால் இருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"மாஸ்டர், என்ன றேடியோவிலை செய்தியே வாசிக்கிறியள்?"

"ஓம் மாஸ்டர், கொஞ்சம் உணர்ச்சியாச் சொல்லுங்கோவன்" என்றார் இன்னொருவர்.

எனக்கு அது போதும். மைக்கைக் கிட்டப் பிடித்தேன். தலைவனாக இருந்த பையனுக்கு என் கல்லூரியின் மாணவ தலைவன் ஒருவனுடைய கம்பீரமான குரலைக் கொடுத்தேன். இரண்டாமவன் பகிடிக்காரன், அவனுக்கு வல்வெட்டித்துறைப் பக்கத்துப் பேச்சு. பெண்ணுக்குக் குரலைச் சற்று மெலிதாக்கினேன். நான்காமவன் படிப்பாளி, அவனுக்கு என்னுடைய குரலையே வைத்துக்கொண்டேன், யாரும் கேட்காமலே. பேக்கரிப் பையன் வாய் திறந்தபோது என் கையில் வேறு குரல் இல்லை. ஒன்றே ஒன்று இருந்தது. வசனத்துக்கு வசனம் 'கா' போடும் மட்டக்களப்புப் பேச்சு.

"என்ன கா, பாண் தின்னல்லயா? ஆறிப் போகும் கா."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

இந்தப் பேச்சு எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் முதன்முதலில் ஆசிரியராகப் போனது மட்டக்களப்புக்குத்தான். இரண்டு வருடம். தங்கியிருந்த வீட்டுக்காரர் என்னிடம் சாப்பாட்டுக்கு ஒரு சதம் வாங்கவில்லை. காய்ச்சல் வந்தபோது தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் எடுத்து ஆடியது அவருடைய பேச்சைத்தான். யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகி வந்தபின் கல்லூரி நாடகங்களில் வேலைக்காரன், கோமாளி வந்தால் அந்தக் குரலைக் கொடுப்போம். எங்களுக்கு அது குற்றமாகவே தெரிந்ததில்லை. உங்களில் யாழ்ப்பாணத்து ஆட்கள் இருந்தால், மனத்தில் கைவைத்து யோசித்துப் பாருங்கள். யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

அதன் பிறகு பேக்கரிப் பையன் வந்தாலே சனம் சிரிக்கத் தயாரானது. நானும் வசனங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினேன். பிரெஞ்சில் அவன் "சரி" என்பான். தமிழில் அது மூன்று வரியாக வரும்.

முதல் சுருள் முடிகிற இடத்தில் அவனை ஜெர்மன்காரர் பிடித்துக் கொண்டுபோனார்கள். வெளிச்சத்தைப் போட்டு, அம்மையார் அடுத்த சுருளை மாட்டத் தொடங்கினார். எனக்கு ஒருவர் கைகொடுத்தார். சில்வெஸ்டர் ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து தந்தான்.

"சேர், அவன் மத்தாக்களக் காட்டிக் குடுத்திருவானா?"

எனக்குத் தெரியாது. புதன்கிழமை வந்திருந்தால் தெரிந்திருக்கும். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கோப்பையைத் தந்த பிறகும் அவன் பதிலுக்காக நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று, பிறகு பார்ப்போம் மகனே என்பதை அந்தக் குரலிலேயே சொன்னேன்: "மறுகா பாப்பம் மனே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். போய்த் தன் கதிரையில் உட்கார்ந்தான்.

இரண்டாவது சுருளில் பேக்கரிப் பையனை அடித்தார்கள். நான் குரலை மாற்றவில்லை. மாற்றியிருக்கலாம், யாரும் என்னைத் தடுக்கவில்லை. சிரிப்பை விட மனம் வரவில்லை, அவ்வளவுதான். "அடிக்காதீங்க கா, எல்லாத்தையும் சொல்றன் கா" என்றேன். முன்பு சிரித்த பழக்கத்தில் அதற்கும் சிரித்தார்கள். பிறகு அவனை ஒரு காரில் வைத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, நடந்துபோகும் தன் சிநேகிதர்களை அவன் காட்ட வேண்டும். எங்களுக்கு இது புதிய காட்சி அல்ல. சுற்றிவளைப்பில் பிடிபட்டவர்களை வரிசையில் நடக்கவிட்டு, ஜீப்பில் முகத்துக்குச் சாக்குப் போட்ட ஒருவனை இருத்தி வைப்பார்கள். அவன் தலையை ஆட்டினால் வரிசையில் நிற்பவனுடைய கதை முடிந்தது. அப்படிப்பட்டவனுக்கு எங்கள் ஊரில் தலையாட்டி என்று பெயர்.

நான் மைக்கில், "தலையாட்டி ஆகிட்டான்" என்றேன்.

சிரிப்பு நின்றது. "சுடு அவனை" என்று ஒரு பெண் சொன்னார். சத்தமாகக்கூட இல்லை, வீட்டுக்குள் பேசுவதுபோலச் சொன்னார்.

கடைசியில் தலைவனைச் சுடக் கொண்டுபோகிறார்கள். சிறை வாசலில் அவன் காவல்காரனிடம் ஒரே ஒரு வசனம் சொல்கிறான். "பேக்கரிக்காரரின் மகனிடம் சொல்லுங்கள், எனக்கு அவன்மேல் கோபம் இல்லை." அந்த வசனம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. விளங்கியது. இரைச்சலில் தவறவிட்டேன் என்று பல வருடம் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அது பொய். கேட்டது, சப்பென்று இருந்தது. எண்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வீரன் ஒருவன் கடைசியில் கோபமில்லை என்று முடிப்பதா என்று நினைத்தேன். மாணவ தலைவனின் கம்பீரக் குரலில், "இவங்களை நம்பினதுதான் நாங்கள் விட்ட பிழை" என்றேன்.

கைதட்டினார்கள். படத்தில் அவனைச் சுடுமுன்னரே நான் தலை குனிந்து கைதட்டலை ஏற்றுக்கொண்டேன்.

படம் முடிந்ததும் ஆட்கள் என்னைச் சூழ்ந்து நின்றார்கள். ஒருவர், நான் நாட்டில் இருந்திருந்தால் சினிமாவுக்கே போயிருக்கலாம் என்றார். சில்வெஸ்டர் கதிரைகளை மடக்கிச் சுவரோடு சாத்திக்கொண்டிருந்தான். நான்தான் போய்க் கேட்டேன்.

"எப்பிடியடா இருந்தது?"

"நல்லாக் கதைச்சீங்க சேர்" என்றான். "எங்கட ஆக்கள் கதைக்கிற மாதிரியே இருந்திச்சு."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை விசாரணை. அதிகாரி ஒரு பெண்மணி, பொறுமையானவர். ஒழுங்காக ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பதினொரு நாள், அடி, எல்லாம் வந்தது. பிறகு கேட்டார்: "உங்களோடு பிடிபட்ட மற்றவர்களை விடவில்லை. உங்களை மட்டும் ஏன் விட்டார்கள்?"

நான் மொழிபெயர்த்தேன். சில்வெஸ்டர் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். என் முகத்தை அல்ல, என் வாயைப் பார்த்தான்.

"தெரியாது" என்றான்.

"திரும்பிப் போனால் உங்களுக்கு என்ன ஆபத்து?"

"தெரியாது."

சட்டத்தரணி கடதாசிகளைப் புரட்டினார். எனக்கு அந்த நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. படிக்கட்டில் அவன் சொன்ன விசயம் எது, தேத்தண்ணியோடு வந்து ஏன் அப்படிக் கேட்டான், அவன் ஏன் என் வாயைப் பார்க்கிறான், எல்லாம். கையை உயர்த்தி, ஐந்து நிமிட இடைவேளை வேண்டும் என்று நான் கேட்டிருக்கலாம். மொழிபெயர்ப்பாளருக்கு அந்த உரிமை உண்டு. கேட்கவில்லை. மொழிபெயர்ப்பாளன் தன் பக்கத்தில் இருந்து எதையும் சேர்க்கக் கூடாது என்ற விதி எனக்குத் திடீரென்று நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பக்கம் பக்கமாகச் சேர்த்தவனுக்கு வியாழக்கிழமை விதி நினைவுக்கு வந்தது. "தெரியாது" என்பதை இரண்டு தடவையும் மிகச் சரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். உச்சரிப்பிலும் குறை இல்லை.

விதியைக் கைவிடச் சொல்ல நான் இதை எழுதவில்லை. விதி நல்லது. அதன் பின்னால் யார் ஒளித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவ்வப்போது எட்டிப் பாருங்கள்.

அறைக்கு வெளியே நடைபாதையில் கிரேக்க அம்மையார் அடுத்த விசாரணைக்காகக் காத்திருந்தார். சில்வெஸ்டர் எங்களைக் கடந்து மின்தூக்கிப் பக்கம் போனான். அம்மையார் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமையில் இருந்து உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். அந்தப் பையனை அடிக்கும்போது உன் ஆட்கள் ஏன் சிரித்தார்கள்? அந்த இடத்தில் சிரிப்பதற்கு எதுவும் இல்லையே."

இந்த முறை சொன்னேன். குரலைப் பற்றி, நான் சேர்த்ததைப் பற்றி, விட்ட வசனத்தைப் பற்றி, உள்ளே அவன் சொன்ன 'தெரியாது' பற்றி. மட்டக்களப்பு எங்கே இருக்கிறது, யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறது என்றும் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

"அந்தப் படத்தை நான் ஏன் காட்டுகிறேன் தெரியுமா?" என்றார் பிறகு. "எங்கள் ஊரை ஜெர்மன்காரர் பிடித்தபோது எனக்குப் பதினாறு வயது. அதனால் இல்லை. முதலில் என் ஆட்கள் இங்கே வந்தார்கள், பிறகு சிலி நாட்டுக்காரர் வந்தார்கள், இப்போது நீங்கள். வருகிற ஒவ்வொரு கூட்டத்திலும் அடி தாங்காமல் பெயர் சொன்ன ஒருவர் இருப்பார். யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்காகத்தான் இரண்டு மணித்தியாலப் படத்தைக் காட்டுகிறேன். அந்த ஒரு வசனத்துக்காக."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"என்னிடம் எதற்கு? நானா தெரியாது என்று சொன்னேன்? போய் அவனுடைய சட்டத்தரணியிடம் சொல். அதற்கு முதல் அவனிடம் போ."

சனிக்கிழமை மெற்றோவில் கடைசித் தரிப்பு வரை போய், பஸ் எடுத்து லாசாலுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயாரித்தேன். இரண்டு மேற்கோள்கள்கூட வைத்திருந்தேன். கதவைத் திறந்த சில்வெஸ்டர் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அடுப்பைக் குறைத்துவிட்டு, "இருங்க சேர்" என்றான். தேத்தண்ணி போட்டான். நான் தயாரித்த பேச்சில் முதல் வரியோடு நின்றுவிட்டேன். தலைவன் உண்மையில் என்ன சொன்னான் என்பதை மட்டும் சொன்னேன்.

அவன் தாச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பிடியா சொன்னவன்?"

"ஓம்."

"நீங்க ஏன் சேர் அதச் சொல்லல்ல?"

"சொன்னால் சனம் கைதட்டாது எண்டு நினைச்சன்."

"ஓ" என்றான். வேறு எதையாவது சொல்லித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முட்டையை இரண்டாகப் பிரித்து எனக்கும் ஒரு பங்கு வைத்தான். பிறகு தன் கதையைச் சொன்னான். பத்தாவது நாள் முகத்துக்குச் சாக்கைப் போட்டு ஜீப்பில் ஏற்றினார்கள். தலையாட்டாவிட்டால் தம்பியைக் கொண்டுவருவோம் என்றார்கள். வரிசையில் நாற்பது பேரளவில் வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தன்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவன் வந்தபோது சில்வெஸ்டர் தலையை ஆட்டினான். அவனை அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. ஆட்டியது யார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. இராணுவம் இன்னொரு முறை ஜீப்பில் ஏற்ற வந்தது. அதோடு ஓடி வந்துவிட்டான்.

"ஒரு கிழமையாப் பாடமாக்கி வெச்சிருந்தனான் சேர், அங்க எப்பிடிச் சொல்றதெண்டு. வாயத் திறந்தா உங்கட குரல்தான் வருது. அடிக்காதீங்க கா எண்டு."

நான் சாப்பாட்டைத் தொடவில்லை. "சாப்பிடுங்க, ஆறிப்போகும்" என்றான்.

திங்கட்கிழமை சட்டத்தரணியிடம் போனேன். அவர் கேட்டுவிட்டு, விசாரணையைத் திரும்பத் திறக்க வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு என்றார். மொழிபெயர்ப்பாளரின் நடத்தையால் சாட்சி பேச முடியாமல் போனது என்று மொழிபெயர்ப்பாளரே சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். அவரே ஒரு நகல் எழுதித் தந்தார். அதில், நான் பலர் முன்னிலையில் விண்ணப்பகாரரின் சமூகத்தவரின் பேச்சைக் கேலி செய்தேன் என்று இருந்தது.

அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு நாள் வைத்திருந்தேன். முதலில் கேலி என்ற சொல்லை எடுத்துவிட்டு, கலை நோக்கில் செய்த ஒரு முயற்சி தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டிருக்கலாம் என்று போட்டேன். அடுத்த நாள் பலர் என்பதைச் சிலர் என்று மாற்றினேன். சட்டத்தரணியின் ஆங்கிலத்தில் இரண்டு காற்புள்ளிகளையும் திருத்தினேன். இப்படித் திருத்தித் திருத்தி ஒரு நல்ல கட்டுரை ஆக்கிவிட்டேன். அதில் நான் செய்தது எதுவும் மிஞ்சவில்லை. அதைக் கையொப்பமிட்டு அனுப்பினேன். போதாது என்று ஒரு மாதத்தில் திருப்பி அனுப்பினார்கள். நான் திருத்திய அந்தக் கடதாசியால் சில்வெஸ்டர் ஒரு மாதம் கூடுதலாகக் கதவு தட்டும் சத்தத்துக்குப் பயந்துகொண்டு இருந்தான். அந்தக் காலத்தில், நிராகரித்தால் விமானத்தில் திருப்பி ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

சட்டத்தரணி தன்னுடைய பழைய நகலை எடுத்து மேசையில் வைத்தார். காற்புள்ளிகள் பழைய இடத்திலேயே இருந்தன. கையொப்பமிட்டேன்.

அந்தக் கடதாசியோடு எனக்கு ஒரு வருடம் வேலை தரவில்லை. மறுபடியும் கோப்பை கழுவினேன். இந்த முறை சுத்தமாகக் கழுவினேன் என்று முதலாளி சொன்னார்.

இரண்டாவது விசாரணைக்குத் திருகோணமலைக்காரத் தாதி ஒருவரை மொழிபெயர்க்க வைத்தார்கள். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் லீவு எடுத்துக்கொண்டு போய் நடைபாதையில் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கதவு மூடியிருந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. உள்ளே யாரோ பேசுவதை நான் மொழிபெயர்க்காமல் இருந்த முதல் நாள் அது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது.

முடிவு சில மாதம் கழித்துக் கடிதமாக வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அன்று அது யாருக்கும் தெரியாது. கதவு திறந்து தாதி வந்தார், சட்டத்தரணி வந்தார், கடைசியாகச் சில்வெஸ்டர் வந்தான். சேட்டின் கழுத்துப் பக்கம் நனைந்திருந்தது. என்னைக் கண்டு ஒரு கணம் நின்றான். பிறகு வந்து வாங்கின் மற்ற முனையில் உட்கார்ந்தான்.

"சொல்லிட்டன் சேர்."

"எல்லாமோ?"

"எல்லாம்."

அவனாகத்தான் சொன்னான்.

"அவன்ட பேரக் கேட்டாங்க. நான் காட்டினவன்ட பேர. சொன்னன். அவங்களுக்கு விளங்கல்ல. ஒவ்வொரு எழுத்தாச் சொல்லச் சொன்னாங்க. ரெண்டு தரம் சொன்னன். அந்த அதிகாரி அம்மா எழுதிப்போட்டு, சரியா எண்டு என்னட்டக் காட்டினவ."

"சரியா இருந்ததோ?"

"ஓம். சரியா எழுதியிருக்கா." கையைப் பிசைந்துகொண்டு நிலத்தைப் பார்த்தான். "அங்க ஊரில ஒரு கடதாசியிலயும் அவன்ட பேர் இல்ல சேர். பிடிச்சதாவும் இல்ல, செத்ததாவும் இல்ல. இஞ்சதான் எழுதியிருக்கு."

எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை. அவன் சரியாகச் சொன்ன பெயர் என் வாய் வழியாக வரத் தேவையில்லை. என் வேலையில் நான் சேர்க்காமலும் விடாமலும் செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.